எடுத்த ஆள்... விட்ட ஆள்!



மாலை நேரத்தில் தோட்டத்துத் திடலில் பிள்ளைகள் பந்து விளையாடக் கூடும்போது கவனித்திருப்பீர்கள். முதலில் இரண்டு தலைவர்கள் எதிரும் புதிருமாக நிற்பார்கள். "எனக்கு இவன்", "எனக்கு அவன்" என்று மாறி மாறி ஆள் எடுப்பார்கள். உயரமானவன், வேகமாக ஓடுகிறவன், புதுச் சப்பாத்துப் போட்டவன் எல்லாரும் முதலில் போய்விடுவார்கள். கடைசியில் ஒருவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். "சரி, நீயும் வாடா" என்று அவனைச் சேர்த்துக்கொள்வார்கள்.

இந்த ஆள் எடுப்பை ஒரு பெரிய தொழிலாகவே நடத்துகிற நாடு அமெரிக்கா. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'டிராப்ட்'. அங்கே ஒரு குழு, பல ஆண்டுகளாக யார் யாரை எடுத்தது, யார் யாரை விட்டது என்று திரும்பிப் பார்த்தால், அது வெறும் விளையாட்டுக் கதையாக இருக்காது. மனிதனை மனிதன் எடைபோடுகிற கதையாக இருக்கும். பிள்ளை பெற்றவர்களும் பாடம் நடத்துகிறவர்களும் அறிய வேண்டிய செய்தி அதில் இருக்கிறது.

அந்த ஆட்டமும் அந்த முறையும்

அமெரிக்கர்கள் 'புட்பால்' என்று சொல்வது நம் கால்பந்து அன்று. முட்டை வடிவமான பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், தூர எறிவார்கள், எதிர்க்குழுவினர் பாய்ந்து மோதிக் கீழே தள்ளுவார்கள். தலைக் கவசமும் தோள் கவசமும் அணிந்த 11 பேர் இந்தப் பக்கம், 11 பேர் அந்தப் பக்கம். ஆட்டத்தை நடத்திச் சென்று பந்தை எறிபவருக்குக் 'குவார்ட்டர்பேக்' என்று பெயர்.

பல்கலைக்கழகங்களில் ஆடி முடித்த இளைஞர்களைத் தொழில்முறைக் குழுக்கள் ஆண்டுக்கு ஒரு முறை பங்கிட்டுக்கொள்ளும். 1936-இல் தொடங்கிய முறை இது. முந்திய ஆண்டு எந்தக் குழு மிக மோசமாகத் தோற்றதோ, அதற்கே முதல் ஆளை எடுக்கும் உரிமை. வென்ற குழு கடைசியில் எடுக்க வேண்டும். இப்படிச் சுற்றுச் சுற்றாக நடக்கும். இளைத்தவனுக்கு முதலிடம் என்பதால் நியாயமான ஏற்பாடாகத்தான் தோன்றும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எந்த ஊருக்குப் போவது, யாரிடம் வேலை செய்வது என்பதை அந்த இளைஞன் தீர்மானிக்க முடியாது. எடுத்தவன் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

முதன்முதலாக 1936-இல் எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் என்பவர் தொழில்முறை ஆட்டமே வேண்டாம் என்று வேறு வேலைக்குப் போய்விட்டார் என்பது ஒரு வேடிக்கை!

உருக்காலை ஊரின் குழு

பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் என்றொரு நகரம். இரும்பும் உருக்கும் காய்ச்சிய ஊர். ஆலைச் சங்கு ஊதியதும் எழுந்து போய், உடம்பு நோக உழைத்து, வார இறுதியில் பந்தாட்டம் பார்த்துக் கவலை மறந்த தொழிலாளர்களின் ஊர். அந்த ஊர்க் குழுவின் பெயரே 'ஸ்டீலர்ஸ்', அதாவது உருக்கு வேலைக்காரர்கள்.

ஆர்ட் ரூனி என்பவர் 1933-இல் அந்தக் குழுவைத் தொடங்கினார். அதன் பின் ஏறக்குறைய 40 ஆண்டுகள் அந்தக் குழு கண்டதெல்லாம் தோல்விதான். 1947-இல் ஒரே ஒரு முறை வெளியேற்றுச் சுற்றுக்குத் தகுதி பெற்றது. அந்த ஆட்டத்திலும் ஒரு புள்ளிகூட எடுக்காமல் 21 - 0 என்று தோற்றது.

ஏன் இந்தத் தோல்வி? ஆள் எடுப்பில்தான் கோளாறு.

விட்டதில் பெரிய ஆள்

1955-ஆம் ஆண்டு. ஒன்பதாம் சுற்றில், 102-ஆவது ஆளாக, ஜானி யூனைட்டஸ் என்ற இளைஞரை ஸ்டீலர்ஸ் எடுத்தது. அதே பிட்ஸ்பர்க்கில் பிறந்து வளர்ந்தவர். குவார்ட்டர்பேக் இடத்துக்குப் போட்டியிட்டவர்களில் அவர் நாலாவது ஆளாக இருந்தார். பயிற்சி ஆட்டங்களில் ஒரு முறைகூட அவரை இறக்கிப் பார்க்காமலே, பருவம் தொடங்குமுன் "நீ போகலாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

மனைவியும் கைக்குழந்தையும் உள்ள மனிதர். என்ன செய்வார்? கட்டுமான வேலைக்குப் போனார். வார இறுதியில் உள்ளூர்க் குழு ஒன்றில், ஓர் ஆட்டத்துக்கு 6 டாலர் கூலிக்கு ஆடினார். பந்தைக் கைவிடவில்லை.

மறு ஆண்டு, 1956-இல், பால்டிமோர் கோல்ட்ஸ் என்ற குழு அவரை அழைத்துக்கொண்டது. 1958-இலும் 1959-இலும் அந்தக் குழு அமெரிக்க வெற்றிக் கிண்ணத்தை வென்றது; ஆட்டத்தை நடத்தியவர் யூனைட்டஸ். தொடர்ந்து 47 ஆட்டங்களில், ஓர் ஆட்டம் தவறாமல், எறிந்து புள்ளி பெற்றுத் தந்த அவருடைய சாதனை 2012-ஆம் ஆண்டு வரையில் முறியடிக்கப்படவில்லை!

எண்ணிப் பாருங்கள். எடுக்கத் தெரிந்தது ஸ்டீலர்ஸுக்கு. எடுத்ததைச் சோதித்துப் பார்க்கப் பொறுமை இல்லை.

விதை நெல்லைத் தின்ற கதை

1957-இல் இன்னொரு கூத்து. ஐந்தாவது ஆளாக லென் டாசன் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். ஆறாவது ஆளாகக் கிளீவ்லாந்து குழு எடுத்தவர் ஜிம் பிரவுன். அந்த ஆட்டத்தில் தோன்றிய மாபெரும் ஓட்டக்காரர்களுள் ஒருவர். சரி, டாசனையாவது ஆடவிட்டார்களா? இல்லை. பெரும்பாலும் ஓரத்தில் உட்காரவைத்து, மூன்று பருவங்களுக்குப் பின் வேறு குழுவுக்குத் தள்ளிவிட்டார்கள். அதே டாசன் பின்னர்க் கன்சாஸ் சிட்டி குழுவை 1970 சனவரியில் 'சூப்பர் பவுல்' எனும் இறுதிப் போட்டியில் வெற்றி பெறச் செய்தார்.

அந்தக் காலத்துப் பயிற்றுநருக்குப் புதுப் பிள்ளைகள் என்றாலே பிடிக்காது. அனுபவசாலிகள்தாம் வேண்டும். ஆகவே, வருங்காலத்தில் ஆள் எடுக்கும் உரிமையைப் பிற குழுக்களுக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக வயதான ஆட்டக்காரர்களை வாங்கிக்கொண்டார். 1959-இல் முதல் ஏழு சுற்றுகளில் ஸ்டீலர்ஸ் குழுவுக்கு ஓர் ஆள்கூட எடுக்க உரிமை இல்லாமல் போயிற்று. விதை நெல்லைக் குத்திச் சோறாக்கித் தின்றால் அடுத்த போகத்துக்கு எதை விதைப்பது?

கன்று நட்டவர்

1969 சனவரியில் சக் நோல் என்ற 37 வயது இளைஞர் பயிற்றுநராக வந்தார். ரப்பர்க் கன்று நட்டால் ஆறேழு ஆண்டு கழித்துத்தான் பால் வெட்ட முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். நோல் அப்படிப்பட்ட பொறுமைக்காரர். பழைய மரங்களை வாங்கி நிறுத்தாமல், கன்று நட்டு வளர்க்கத் துணிந்தார்.

அவர் எடுத்த முதல் ஆள் ஜோ கிரீன். வடக்கு டெக்சாஸிலிருந்து வந்த கறுப்பினத் தற்காப்பு ஆட்டக்காரர். "யார் இந்த ஜோ கிரீன்?" என்று உள்ளூர்ப் பத்திரிகையே கேட்டது. அந்த ஆண்டு 14 ஆட்டங்களில் குழு வென்றது ஒன்றே ஒன்று, தோற்றது 13. ஊர் சிரித்தது. நோல் அசையவில்லை.

1970-இல் குவார்ட்டர்பேக் டெரி பிராட்ஷா, மூன்றாம் சுற்றில் மெல் பிளவுண்ட். 1971-இல் இரண்டாம் சுற்றில் ஜாக் ஹாம். 1972-இல் பிராங்கோ ஹாரிஸ். இப்படி ஆண்டுக்கு ஒன்றிரண்டாக நட்டார். ஜோ கிரீன் முதல் பிராங்கோ ஹாரிஸ் வரை, இங்கே பெயர் சொன்ன ஐவருமே பிற்காலத்தில் ஒஹாயோ மாநிலத்துக் கேன்டன் நகரில் உள்ள 'புகழ் மண்டபத்தில்' இடம் பெற்றார்கள்.

பிறர் போகாத ஊருக்குப் போனவர்

இந்த வெற்றிக்குப் பின்னால் நின்ற ஒருவரை நான் உங்களுக்கு அவசியம் அறிமுகப்படுத்த வேண்டும். அவர் ஆட்டக்காரர் அல்லர். பத்திரிகையாளர். பெயர் பில் நன்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாகப் படிக்கக் கூடாது என்ற கொடுமை நெடுங்காலம் இருந்தது. ஆகவே கறுப்பினத்தவருக்கென்று தனிக் கல்லூரிகள் இருந்தன. அங்கும் அபாரமாக விளையாடினார்கள். ஆனால் பெரிய குழுக்களின் ஆள் தேடுவோர் பலர் அந்தப் பக்கம் சரியாக எட்டிப் பார்ப்பதில்லை. "சின்னக் கல்லூரி, அங்கே என்ன இருக்கப் போகிறது?" என்ற எண்ணம்.

பில் நன், 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பினத்தவர் பத்திரிகையில் எழுதியவர். அந்தக் கல்லூரிகளில் சிறந்து ஆடுவோரின் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிட்டு வந்தார். சொந்த ஊர்க் குழுவோ அந்தப் பட்டியலைப் பொருட்படுத்தவில்லை. அந்த மனக்குறையை அவர் மறைக்கவும் இல்லை. முதலாளியின் மகன் டான் ரூனி இதையறிந்து அவரைக் கூப்பிட்டுப் பேசினார். "குறை சொல்வதோடு நிற்காமல், வந்து எங்களுக்கு வழிகாட்டுங்கள்" என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். 1967-இல் பில் நன் பகுதி நேரமாகச் சேர்ந்தார். பிறகு முழு நேர ஊழியரானார்.

அதன் பின் என்ன நடந்தது? 1969-இல் பத்தாம் சுற்றில் எல்.சி. கிரீன்வுட், 1970-இல் மெல் பிளவுண்ட், 1971-இல் எட்டாம் சுற்றில் எர்னி ஹோம்ஸ். எல்லாரும் அந்தச் 'சின்னக் கல்லூரி'ப் பிள்ளைகள்தாம்.

பொன்னான 1974

1974 சனவரி இறுதியில் நடந்த ஆள் எடுப்பில் 26 குழுக்கள், 17 சுற்றுகளில், 442 பேரை எடுத்தன. அதில் ஸ்டீலர்ஸ் எடுத்த நால்வரைக் கேளுங்கள்.

முதல் சுற்றில் லின் ஸ்வான். தெற்குக் கலிபோர்னியாவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தவர். பந்தைத் தாவிப் பிடிப்பதில் வல்லவர்.

இரண்டாம் சுற்றில் ஜாக் லாம்பர்ட். உயரம் உண்டு, சதை இல்லை. "இந்த ஒல்லிப் பையன் எப்படி மோதுவான்?" என்று பலர் தயங்கினார்கள். ஒரு நாள் திடல் சேறாகிவிட, கரித்துகள் பரப்பிய நிலத்தில் பயிற்சி நடந்ததாம். அங்கேயும் அவர் பாய்ந்து விழுந்து தடுத்துவிட்டு, தோலில் குத்திய துகள்களைப் பிடுங்கிக்கொண்டே அடுத்த ஆட்டத்துக்கு எழுந்து நின்றதை ஆள் தேட வந்தவர் கண்ணால் கண்டார் என்பார்கள். தராசு எடையைச் சொல்லும். மனத்தைச் சொல்லுமா?

நாலாம் சுற்றில், 82-ஆவது ஆளாக, ஜான் ஸ்டால்வர்த். அலபாமாவில் ஒரு கறுப்பினக் கல்லூரியில் படித்தவர். பல குழுக்களின் ஆட்கள் ஒன்றாக வந்து அவரை ஓடவிட்டு நேரம் குறித்தார்கள். ஈரப் புல்லில் ஓடியதால் நேரம் சுமாராகத்தான் வந்தது. மற்றவர்கள் குறித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். பில் நன் மட்டும் "எனக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லித் தங்கிவிட்டார். மறுநாள் காய்ந்த தரையில் ஓடவிட்டுப் பார்த்தார். முந்திய நாளைவிட நல்ல வேகம்! உடம்பு சரியில்லை என்று சொன்ன பொய்யை நான் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பையனை இன்னொரு நாள், இன்னொரு தரையில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதே, அதை எல்லா ஆசிரியர்களுக்கும் பாடமாகச் சொல்வேன்.

ஐந்தாம் சுற்றில், 125-ஆவது ஆளாக, மைக் வெப்ஸ்டர். நடு வரிசையில் குனிந்து நின்று பந்தைப் பின்னால் தருபவர். குடியானவர் வீட்டுப் பிள்ளை. அந்த இடத்துக்கு உடம்பு போதாது என்றார்கள்.

இந்த நால்வருமே பின்னாளில் புகழ் மண்டபத்தில் ஏறினார்கள். ஒரே ஆண்டின் எடுப்பில் ஒரே குழுவுக்கு நால்வர் அப்படி அமைந்தது வேறு எங்கும் நடக்கவில்லை.

இன்னும் ஒருவர் உண்டு. டோனி ஷெல். தெற்குக் கரோலினாவின் கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்தவர். 442 பேரில் ஒருவராகக்கூட அவரை எவரும் எடுக்கவில்லை. பட்டியல் முடிந்த பிறகு ஸ்டீலர்ஸ் அவரைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. 14 பருவங்கள் ஆடி, எதிரிகள் எறிந்த பந்தை 51 முறை இடைமறித்துப் பிடித்தார். 2020-இல் அவரும் புகழ் மண்டபத்துக்குத் தேர்வானார். அடுத்த ஆண்டு, 2021-இல், பில் நன் பெயரும் அங்கே ஏறியது. ஆனால் 2014-இலேயே அவர் காலமாகிவிட்டார்.

நட்ட கன்றுகள் பலன் தந்தன. 1975, 1976, 1979, 1980 ஆகிய நான்கு ஆண்டுகளின் சனவரியில் ஸ்டீலர்ஸ் சூப்பர் பவுல் வென்றது. சிரித்த ஊர் தெருவில் இறங்கிக் கூத்தாடியது.

காத்திருந்ததால் கிடைத்தவர்

ராக்கி பிளையர் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1968-இல் 16-ஆம் சுற்றில், 417-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். அந்த ஆண்டே அரசாங்கம் அவரைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டது. 1969-இல் வியட்நாம் போரில் தொடையில் குண்டு பாய்ந்தது. எறிகுண்டுச் சிதறல் காலைக் கிழித்தது. இனி ஆட முடியாது என்றார்கள் மருத்துவர்கள். மருத்துவமனையில் கிடந்தவருக்கு, "குழுவுக்கு நீ தேவை" என்ற கருத்தில் முதலாளி ஆர்ட் ரூனி ஓர் அஞ்சலட்டை அனுப்பினார்.

நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார் பிளையர். ஓரிரு முறை பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது, மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள். 1974-இல் நிலையான இடம் பிடித்தார். 1976-இல் ஒரே பருவத்தில் ஆயிரம் கெசத்துக்கு மேல் பந்தோடு ஓடினார். நான்கு வெற்றிகளிலும் பங்கு பெற்றார். 1955-இல் யூனைட்டஸுக்குக் கிடைக்காத பொறுமை இவருக்குக் கிடைத்தது. அவ்வளவுதான் வேறுபாடு.

மறுபடியும் சறுக்கல்

ஒரு முறை கற்றுக்கொண்டால் எப்போதும் சரியாக எடுப்போம் என்று எண்ண வேண்டாம். 1983-இல் உள்ளூர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக் குவார்ட்டர்பேக் டான் மரினோ, ஸ்டீலர்ஸ் முறை வரும் வரையில் எவராலும் எடுக்கப்படாமல் இருந்தார். அவரை விட்டுவிட்டு, 21-ஆவது ஆளாகக் கேப் ரிவேரா என்ற தற்காப்பு ஆட்டக்காரரை எடுத்தார்கள். மரினோ 27-ஆவது ஆளாக மயாமி குழுவுக்குப் போய் மறு ஆண்டே எறிதலில் புதிய சாதனைகள் படைத்தார். ரிவேராவோ ஆறே ஆட்டங்கள் ஆடிய நிலையில், அதே 1983 அக்டோபரில் கார் விபத்தில் சிக்கி நடக்க முடியாதவரானார். அந்த விபத்தை யாரால் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியும்? எந்தப் பட்டியலும் நாளையை அறியாது.

எடுத்த பிறகு?

வாசகர்களே, இது வரையில் சொன்னது எடுப்பதையும் விடுவதையும் பற்றி. என் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. எடுத்த ஆளைப் பிறகு என்ன செய்கிறார்கள்?

125-ஆவது ஆளாக எடுக்கப்பட்ட மைக் வெப்ஸ்டர் 15 பருவங்கள் ஸ்டீலர்ஸுக்காக ஆடினார். ஒவ்வோர் ஆட்டத்திலும் தலையோடு தலை மோத வேண்டிய இடம் அவருடையது. காயம்பட்டாலும் களத்தைவிட்டு விலகமாட்டார். "இரும்பு மைக்" என்று ஊர் கொண்டாடியது. ஆட்டத்தைவிட்ட பின் மறதியும் குழப்பமும் அவரைப் பிடித்தன. குடும்பம் சிதறியது, கைப்பணம் கரைந்தது, சில காலம் தம் வண்டியிலேயே படுத்துறங்கினார். 2002 செப்டம்பரில், 50-ஆவது வயதில் இறந்தார்.

அவருடைய மூளையைச் சோதித்தவர் பென்னட் ஒமாலு, நைஜீரியாவில் பிறந்த மருத்துவர். ஆண்டுக்கணக்கில் வாங்கிய அடிகளால் மூளை கெட்டுப்போயிருந்ததைக் கண்டார். 2005-இல் மருத்துவ ஏட்டில் அதை வெளியிட்டார். ஓய்வுபெற்ற அமெரிக்கப் புட்பால் ஆட்டக்காரர் ஒருவரிடம் அந்த மூளை நோய் உறுதி செய்யப்பட்டது அதுவே முதல் முறை. ஓய்வூதிய நிதியிலிருந்து வெப்ஸ்டருக்கு வர வேண்டிய உதவித் தொகை பற்றிய வழக்கு, அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2006-இல்தான் மேல்முறையீட்டிலும் குடும்பத்துக்குச் சாதகமாக முடிந்தது.

உடம்பை விற்றுப் பிழைக்கும் வேலை எதுவானாலும், அது உருக்காலையோ பந்துத் திடலோ பால்மரக் காடோ, இந்தக் கேள்வி உண்டு. தெம்புள்ள வரையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறவர்கள், தெம்பு போன பிறகு திரும்பிப் பார்ப்பார்களா? கண்டுபிடித்து எடுத்தது பெரிய திறமைதான். ஆனால் எடுத்தவனைக் கடைசி வரையில் காப்பாற்றுவது அதைவிடப் பெரிய கடமை.

பெற்றோருக்கு ஒரு சொல்

நானும் நாள்தோறும் பிள்ளைகளை எடைபோடும் தொழிலில் இருப்பவன். மதிப்பெண் போடுகிறோம், வரிசைப்படுத்துகிறோம், "இவன் தேறுவான், இவன் தேறமாட்டான்" என்று சொல்லிவிடுகிறோம். அது ஒரு நாளைக் கணக்கு. ஈரப் புல்லில் ஓடிய ஓட்டம்.

படிப்பில் பின்தங்கிய பிள்ளையைப் பெற்றவர்களே, பரீட்சைத் தாளைப் பார்த்தவுடன் "இவன் காட்டு வேலைக்குத்தான்" என்று அவன் காதில் விழச் சொல்லாதீர்கள். அவன் எதைச் செய்யும்போது தன்னை மறந்து நிற்கிறான் என்று ஒரு வாரம் சும்மா இருந்து கவனியுங்கள். மிதிவண்டியைப் பிரித்து மாட்டுகிறானா, கணக்கை வாயாலேயே போடுகிறானா, தங்கைக்குச் சொல்லிக் கொடுக்கிறானா? கண்டதை வகுப்பாசிரியரிடம் வந்து சொல்லுங்கள். ஒரு வகுப்பில் இத்தனை பேரை வைத்துக்கொண்டு தவிக்கும் ஆசிரியருக்கு அந்த ஒரு செய்தியே பெரிய உதவி.

முதலாவதாக வந்த பிள்ளையைப் பெற்றவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததோடு உங்கள் கடமை முடிந்துவிடவில்லை. விடுதியில் சாப்பிடுகிறானா, நன்றாகத் தூங்குகிறானா, தலைவலி என்று சொன்னால் யாராவது காது கொடுத்துக் கேட்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டே இருங்கள். கைதட்டுகிறவர்கள் நிறையப் பேர் வருவார்கள். "உடம்பு எப்படியப்பா இருக்கிறது?" என்று கேட்க அவனுக்கு நீங்கள்தாம் உண்டு.